கேட் பாஸில் என் பெயர்

2023 மே மாதம், சவூதியின் அல்-கோபாரில், என் மகள் குடியிருக்கும் கம்பவுண்டின் கேட்டுக்கு வெளியே ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து போய் அது ஆறாவது நாள். எதிர்ப்பக்கம் இருக்கும் பகாலாவுக்குக் கொத்தமல்லி வாங்கப் போயிருந்தேன். பகாலா என்றால் அங்கே மளிகைக் கடை. வெளியே போகும்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது காவலாளி கையை நீட்டினார். பாஸ் கேட்கிறார் என்று புரிந்தது.

என்னிடம் பாஸ் இல்லை. பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் இருந்தது. கையில் இருந்த போன் மகள் வீட்டு வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள், பேத்தி பள்ளிக்கூடத்தில். காவலாளி இந்தியில் வீட்டு எண் கேட்டார். எனக்கு இந்தி வராது, ஆனால் "நம்பர்" என்ற சொல் புரிந்தது. அந்த எண் எனக்குத் தெரியவில்லை. காகிதப்பூச் செடி இருக்கும் வீடு, கேட்டிலிருந்து இரண்டாவது திருப்பம், அப்படித்தான் மனதில் வைத்திருந்தேன். 31 வருடம் அஞ்சலகத்தில் விலாசம் பார்த்தே வேலை செய்தவள் நான். பெற்ற மகளின் விலாசம் தெரியாமல் அங்கே நின்றது மனதை மிகவும் வலிக்கச் செய்தது.

காவலாளி நேபாளத்துப் பையன். அவன் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நிழலில் நாற்காலி போட்டு, ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தான். காலை பத்து மணிக்கே 40 டிகிரியைத் தொடும் வெயில். கொத்தமல்லி மடியிலேயே வாடிவிட்டது. கடைசியில் கம்பவுண்டின் பஸ் உள்ளே வந்தது. ஓட்டுநர் என் சேலையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"தமிழாம்மா? ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? எந்த வீடு?"

ராமநாதபுரத்துக்காரர். மாப்பிள்ளை பெயரையும் அவர் வேலை செய்யும் கம்பெனியின் பெயரையும் சொன்னேன். ஓட்டுநர் கம்பவுண்ட் ஆபீசுக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி, என்னை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

சாயங்காலம் மகள் அழுதாள். "ஏம்மா வெளியே போன? சொல்லியிருந்தா நான் வாங்கிட்டு வந்திருப்பேனே" என்றாள். அவள் பதற்றம் எனக்குப் புரிந்தது. ஆனால் கொத்தமல்லியை அவள் வாங்கி வந்திருக்கலாம் என்பதல்ல விஷயம். மூன்று மாதம் இருக்கப்போகிற இடத்தில், நானாக வெளியே போய் நானாக உள்ளே வர ஒரு வழி வேண்டும். அந்த ஒன்றைத்தான் நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. விசா, டிக்கெட், ஊறுகாய், அப்பளம் எல்லாம் யோசித்தோம்.

கம்பவுண்ட் என்றதும் நம் ஊர் அபார்ட்மெண்ட் மாதிரி என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன். அது வேறு. உயரமான சுற்றுச் சுவர், கேட்டுக்கு முன்னால் காரை வளைந்து வளைந்து வரவைக்கும் சிமெண்ட் தடுப்புகள், காரின் அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்கும் காவலாளி. உள்ளே நுழைந்துவிட்டால் புல்வெளி, நீச்சல் குளம், விளையாட்டுத் திடல், ஒரு சின்னக் கடை. எங்கள் வரிசையிலேயே எகிப்து, லெபனான், பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கக் குடும்பங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு அந்தப் பகுதியில் பழைய வேர் உண்டு. பக்கத்து தஹ்ரானில் 1938 மார்ச்சில் ஏழாம் எண் கிணற்றில்தான் விற்கும் அளவுக்கு எண்ணெய் கிடைத்தது. அதைத் தோண்ட வந்த அமெரிக்கர்களுக்காக எழுந்த குடியிருப்பிலிருந்துதான் இந்த வேலி போட்ட வாழ்க்கை தொடங்குகிறது. பிறகு 2003 மே மாதம் ரியாத்தில் மூன்று கம்பவுண்டுகளில் குண்டு வெடித்தது. அடுத்த வருடம் மே மாதம் அல்-கோபாரிலேயே தீவிரவாதிகள் ஆயுதத்தோடு புகுந்து வெளிநாட்டவர் பலரைக் கொன்றார்கள், இறந்தவர்களில் இந்தியர்களும் உண்டு. சுவர் உயர்ந்ததும் கேட்டில் சோதனை கூடியதும் அதற்குப் பிறகுதான். இது தெரிந்த பிறகு அந்தப் பையன் என்னை உள்ளே விடாமல் நிறுத்தியது எனக்கு நியாயமாகவே பட்டது. மாப்பிள்ளைதான் இதையெல்லாம் விளக்கிச் சொன்னார். "முதல் நாளே சொல்லியிருக்கணும் அத்தை, தப்பு என்னோடதுதான்" என்றார்.

மறுநாளே அவர் என் போட்டோவும் பாஸ்போர்ட் நகலும் கொடுத்து, நான் தங்கும் காலம் முழுவதற்கும் விருந்தினர் பாஸ் வாங்கிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. என் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் கார்டும் வாங்கினோம். ஒரு அட்டையில் வீட்டு எண், கம்பவுண்ட் பெயர், தெரு, இரண்டு பேரின் போன் எண்கள் எல்லாவற்றையும் அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதி என் பர்ஸில் வைத்தார். அதே அட்டையின் பின்பக்கம் ஆம்புலன்சுக்கு 997 என்று எழுதி வைத்தேன். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாஸ், சிம், அட்டை இந்த மூன்றும் கைக்கு வரும் வரை பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.

விசா விஷயத்தில் நான் பட்டது வேறு. குடும்ப வருகை விசாவுக்கு அங்கே இருப்பவர்தான் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய இக்காமா, அதாவது குடியிருப்பு அட்டை, அதை வைத்துத்தான் எல்லாம் நடக்கும். இங்கே நாம் கைரேகை கொடுத்து விசா வாங்குகிறோம். உறவுக்கு ஆதாரம் கேட்கும் இடத்தில்தான் நம் தமிழ்ப் பெயர்கள் சிக்கிக்கொள்கின்றன. மகளின் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு எழுத்துக்கூட்டில், என் பாஸ்போர்ட்டில் வேறு எழுத்துக்கூட்டில். ஓரிடத்தில் வெறும் இனிஷியல், இன்னோரிடத்தில் அதுவே விரிந்து அப்பா பெயர். எனக்கு இதிலேயே இரண்டு வாரம் போனது. டிக்கெட் போடும் முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பிப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் முறை எனக்குக் கிடைத்தது ஒரே முறை நுழையும் விசா. அதன் குறை அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அல்-கோபாரிலிருந்து பஹ்ரைனுக்குக் கடல் மேல் பாலம் போகிறது. 1986இல் திறந்தது, 25 கிலோமீட்டர். பாலத்தைத் தாண்டினால் மனாமாவில் இருநூறு வருடப் பழைய ஸ்ரீநாத்ஜி கோயில் இருக்கிறது. சவூதியில் கோயில் கிடையாது, வீட்டுக்குள் விளக்கேற்றிக் கும்பிடுவதோடு சரி. வீட்டுக்காரர் காலமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு கோயில் வாசலில் நின்றால் போதும் என்று மனம் கேட்டது. ஆனால் ஒரே முறை விசாவில் பாலத்தைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. 2024 நவம்பரில் இரண்டாம் முறை போனபோது பலமுறை நுழையும் விசா எடுத்தோம். மாப்பிள்ளை ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப்போனார். விதி அடிக்கடி மாறுகிறது, அதனால் விண்ணப்பிக்கும் நேரத்தில் எது கிடைக்கும் என்று பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லுங்கள். ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

பெட்டி கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. கசகசா கொண்டுபோகவே கூடாது. நமக்கு அது குருமாவுக்கு அரைக்கும் பொருள், அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். ஒரு சிட்டிகை என்றாலும், தெரியாது என்றாலும், விமான நிலையத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. அரைத்த மசாலாப் பொடிக்குள் இருந்தாலும் அதே கதைதான்.

அடுத்தது மாத்திரை. என் வயதுக்காரர்கள் பலருக்குச் சர்க்கரையால் கால் எரிச்சல் இருக்கும், அதற்கு டாக்டர்கள் ப்ரிகாபலின் எழுதுவார்கள். முதுகு வலிக்கு டிரமடால் தருவார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் நம்மிடம் உண்டு. இவை எல்லாம் சவூதியில் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் மருந்துகள். டாக்டர் சீட்டும் மருத்துவ அறிக்கையும் வைத்து, அந்த நாட்டின் உணவு மருந்து ஆணையத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எனக்கு ப்ரிகாபலின் இருந்தது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன், அவர் வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுத்தார். திடீரென்று நிறுத்தக்கூடாத மாத்திரை அது, அதனால் கடைசி வாரத்தில் போய்க் கேட்காதீர்கள். மற்ற மாத்திரைகளைக் கம்பெனி அட்டையிலிருந்து பிரிக்காமல், சீட்டோடு, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விசாவோடு ஒரு காப்பீடு வரும், ஆனால் அது அவசர சிகிச்சைக்கானது. வழக்கமான பரிசோதனைகளை ஊரிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது.

சரி, இனி நாட்களைப் பற்றிச் சொல்கிறேன். கடினம் அதுதான்.

காலை ஆறேகாலுக்கு வீடு காலியாகிவிடும். பேத்தி இரண்டேகாலுக்கு வருவாள், மகள் ஐந்துக்கு, மாப்பிள்ளை ஆறு ஆறரைக்கு. இடையில் எட்டு மணி நேரம் ஏசி சத்தம் மட்டும்தான். ஜன்னலைத் திறந்தால் புழுதி. நம் ஊர் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், அங்கே காலை பதினொன்றுக்கு என் தங்கைக்குப் போன் போட்டால் அவள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போயிருப்பாள். அந்த முதல் மே மாதத்தில் நான் வாசலில் இறங்கி நடக்கக்கூட முடியவில்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. அப்படிப்பட்ட வெயில். போவதானால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். பிள்ளைகள் "எப்ப வேணும்னாலும் வாங்க" என்றுதான் சொல்வார்கள். மாதத்தை நாம்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று முதலில் எனக்குக் கோபம்கூட வந்தது. ஒருநாள் மகள் கணக்கு நோட்டை என் முன்னால் வைத்தாள். 2017 ஜூலையிலிருந்து, உடன் தங்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வரி வந்தது. அது வருடா வருடம் கூடி 2020இல் 400 ஆனது. அவள் தன் சொந்த வேலை விசாவில் இருப்பதால் பேத்திக்கு மட்டும் கட்டுகிறார்கள். அவள் வேலையை விட்டால் இரண்டு பேருக்கும் கட்ட வேண்டும். அந்த வருடங்களில் மனைவியையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கத் தொடங்கிய தெரிந்தவர்கள் ஐந்தாறு பேரைச் சொன்னாள். அதற்கப்புறம் "ஒரு நாள் லீவு போடேன்" என்று நான் கேட்கவில்லை. போன முதல் வாரத்தில் இந்த மாதிரி ஒரு பேச்சு நடந்துவிட்டால் நிறைய வருத்தங்கள் தவிர்க்கப்படும்.

எனக்கு வழி திறந்தது அந்த பஸ்தான். கம்பவுண்டில் குடியிருப்பவர்களுக்கு வாரத்தில் நான்கு நாள் காலை ஒன்பதரைக்கு ஒரு பஸ் பெரிய கடைக்குப் போய்ப் பதினொன்றரைக்குத் திரும்பும். காசு கிடையாது. நேர அட்டவணை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது. மகள் அங்கே வந்த நாளிலிருந்து அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை, அவளுக்கு நேரம் இல்லை. என்னைக் காப்பாற்றிய அதே ராமநாதபுரத்துக்காரர்தான் ஓட்டுகிறார். "முன் சீட்டுல உக்காருங்கம்மா, படி ஏற ஈசியா இருக்கும்" என்பார்.

அவரைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் போக மனம் வரவில்லை. அவர் கம்பவுண்டில் தங்கவில்லை. ஊர் எல்லையில் கம்பெனி கேம்பில், ஒரு அறையில் ஆறு பேர். காலையில் இந்த வாசலுக்குள் வந்து இரவு வெளியே போகிறவர். பத்து வருடத்தில் நான்கு முறை ஊருக்குப் போயிருக்கிறார். நம் பிள்ளைகள் வாழும் புல்வெளியைப் பார்த்துப் பெருமைப்படும் நேரத்தில், அதே புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவர், குழாய் சரிசெய்கிறவர், பஸ் ஓட்டுகிறவர் நம் பக்கத்து மாவட்டத்துக்காரராக இருப்பார். அவர்களிடம் நின்று ஊர்ப் பெயர் கேளுங்கள். நான் சீயம் சுட்ட நாளில் ஒரு டப்பா அவருக்கும் போனது. காலி டப்பாவைக் கழுவித் துடைத்து, உள்ளே நான்கு பேரீச்சம்பழம் வைத்துத் திருப்பித் தந்தார்.

பஸ்ஸில்தான் எகிப்துக்காரப் பாட்டி பழக்கமானார். அவரும் மகன் வீட்டுக்கு வந்தவர். எனக்கு அரபி தெரியாது, அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியாது. காய்கறிக் கடையில் நான் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று பயந்தேன். அவர் குனிந்து குவியலின் அடியில் கைவிட்டு, சுண்டுவிரல் அளவே இருக்கும் பிஞ்சுகளாகப் பொறுக்கி என் கூடையில் போட்டார். "பாமியா" என்றார். நான் "வெண்டைக்காய்" என்றேன். "வெண்ட", அதோடு நிறுத்திக்கொண்டார். அப்படித்தான் கத்திரிக்காய்க்கு பாதிஞ்சான், வெங்காயத்துக்கு பஸல் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். காய்க்கு ஒரு சொல், நன்றிக்கு "சுக்ரன்", போதும் என்பதற்கு "கலாஸ்", இவ்வளவு தெரிந்தால் கடையில் தனியாகச் சமாளிக்கலாம்.

வீட்டுக்குள் சில விஷயங்களில் கவனம் வேண்டும். வந்த இரண்டாம் நாள் வற்றல் குழம்புக்கு மிளகாய் தாளித்தேன், கூரையில் இருந்த புகை மணி அலறியது. ஐந்து நிமிடத்தில் பராமரிப்பு ஆள் வாசலில் நின்றார். எல்லா அறைக்கும் ஒரே ஏசி என்பதால் நெடி படுக்கையறை வரை போய்ப் பேத்தி இருமினாள். அதிலிருந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டு, அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தாளிப்பேன். சாம்பிராணி போடுவதைப் பின்வாசலுக்கு மாற்றிக்கொண்டேன். சேலையை முன்பக்கம் காயப்போடக் கூடாது என்று விதி இருக்கிறது, பின்பக்கக் கொடியில்தான். இதெல்லாம் ஆபீசில் தரும் ஒரு தாளில் எழுதியிருக்கும். மகளை அருகில் வைத்துக்கொண்டு முதல் நாளே அதைப் படித்துவிட்டால் பிறர் வந்து சொல்லும்படி ஆகாது.

உடை பற்றிப் பலர் கேட்கிறார்கள். கம்பவுண்டுக்குள் சேலையோடு நடப்பேன். வெளிநாட்டுப் பெண்கள் அபாயா என்ற நீள அங்கியைப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. நான் கடைக்குப் போகும்போது முழுக்கை ரவிக்கையும் மேலே ஒரு சால்வையும் போட்டுக்கொள்வேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. தொழுகை நேரத்தில் எல்லாக் கடையும் மூடுவது முன்பு வழக்கம், இப்போது பெரிய கடைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. என் மகள் கார் ஓட்டுகிறாள். 2018 ஜூனுக்கு முன்பு அந்த நாட்டுச் சாலையில் எந்தப் பெண்ணும் கார் ஓட்ட முடியாது. அவள் வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டு போவேன்.

இரண்டாம் முறை நவம்பரில் போனபோது எல்லாம் இலகுவாக இருந்தது. தம்மாம் விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே, பாஸ் வாங்கியாச்சா என்று கேட்டேன், வாங்கி வைத்திருந்தார்கள். காலையில் சுவரை ஒட்டியே நடப்பேன். ஒரு சுற்றுக்கு 1,140 காலடி, நான்கு சுற்று. மூன்றாவது சுற்றில் எகிப்துப் பாட்டி சேர்ந்துகொள்வார். சனிக்கிழமைகளில் தஹ்ரானில் இருக்கும் இத்ராவுக்குப் போனோம். பெரிய கூழாங்கற்களை அடுக்கி வைத்தது போன்ற கட்டடம். அருங்காட்சியகமும் நூலகமும் உண்டு. பெரியவர்கள் வெயில் படாமல் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்க்கக்கூடிய இடம். ஏழாம் எண் கிணறும் அந்தப் பக்கம்தான். அங்கே போனபோது பேத்தி, "ஆச்சி, இதனாலதான் அப்பா இங்க வேலைக்கு வந்தாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வரும் மாதம் என் சம்பந்தி வீட்டார், மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும், முதல் முறையாகப் போகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். சம்பந்தியம்மா மகனுக்குப் பிடிக்கும் என்று குருமாப் பொடி அரைத்துப் போட்டிருந்தார். "இதுல என்னென்ன போட்டீங்க?" என்று கேட்டேன். சோம்பு, பட்டை, முந்திரி, கசகசா என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தோம், மசாலா இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தோம், கசகசா இல்லாமல் புதிதாக அரைத்துக் கட்டினோம். அப்புறம் அங்கிருந்தே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"அப்பா அம்மா பேரை கேட்ல எழுதியாச்சா?"

"எழுதியாச்சு அத்தை. பாஸ் கையில இருக்கு, பஸ் நேரத்தையும் தமிழ்ல எழுதி வச்சிருக்கேன்" என்றார்.